சத்தம் வராத சோலோ

“மாஸ்டர், போன வாரம் மேடையில ஒரு முழுப் பாட்டு வாசிச்சேன். சோலோவோட சேர்த்து. கிடார்லேருந்து ஒரு பொட்டு சத்தம் வெளிய வரல. ஒருத்தருக்குக்கூடத் தெரியல.”

வாசற்படியில் நின்றபடியே தனசிங் இதைச் சொன்னார். உள்ளே வரக்கூட இல்லை.

ஹெப்சி மாஸ்டர் பன்னை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தாள். பன் அப்படியே டீக்குள் விழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிங்க மாஸ்டர். நல்லா சிரிங்க.”

“சாரி அண்ணே,” என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

யார் குரு, யார் சிஷ்யர் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் குழம்பிப் போவீர்கள். வயதில் பெரியவர்தான் சிஷ்யர். தனசிங்குக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. பெரம்பூர்ப் பக்கம் ஒரு ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற வேலை. ஹெப்சிக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிற அறையில் கிடார் சொல்லிக்கொடுக்கிறாள்.

அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை மாஸ்டர் என்பார். அவர்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான்.

தனசிங் உள்ளே வந்தார். தோளில் கிடார். கையில் ஒரு பெரிய பெட்டி. அதை மூச்சு வாங்கக் கீழே வைத்தார்.

பெட்டிக்குள் இருந்தவை பெடல்கள்.

பெடல் என்றால் என்ன என்று கேட்பீர்கள். கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வரிசையாக வைத்துக் காலால் மிதிக்கிற சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்றை மிதித்தால் சத்தம் கரகரவென்று கிழியும். ஒன்றை மிதித்தால் வாசித்ததையே திருப்பித் திருப்பிச் சொல்லும். இன்னொன்று இந்தப் பேக்கரி மாடியைக்கூடப் பெரிய சர்ச் மாதிரி முழங்கவைக்கும். ராக் வாசிக்கிறவனுக்குக் கை பாதி, கால் பாதி.

தனசிங்குக்குக் கால் முக்கால்.

ஒவ்வொரு பெடலும் ஒரு புலம்பலோடுதான் அந்தப் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது.

முதல் தடவை வந்து, “மாஸ்டர், நான் வாசிக்கறது யாருக்கும் கேக்கல,” என்றார்.

“யாருக்கு?”

“எல்லாருக்கும்தான்.”

“ஒரு பேர் சொல்லுங்க அண்ணே.”

தனசிங் நேராகப் போய் டிஸ்டார்ஷன் பெடல் வாங்கினார். அதுதான் கரகரக்கிறது.

அப்புறமும் குறை தீரவில்லை. டிலே வாங்கினார். ஒரு தடவை சொல்லிக் கேட்காதவர்கள் நாலு தடவை சொன்னால் கேட்கத்தானே வேண்டும்? அதற்கப்புறம் சர்ச் மாதிரி முழங்குகிற ரிவெர்ப். அதற்கப்புறம் சத்தத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கிற பூஸ்ட்.

ஹெப்சி எதையும் வாங்கு என்றும் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை. “ம்” என்பாள். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று வீடு போய்ச் சேரும்வரை யோசிப்பார் மனுஷன்.

பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மைக்கில் பேசுகிறவர். என்ன சொன்னாலும் வெளியே இருப்பவர்கள் காதைக் கொண்டுவந்து கண்ணாடியில் வைத்து, “என்னது? என்னது?” என்பார்கள். வீட்டுக்குப் போனால் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

“எப்படி நடந்துச்சு?” என்று கேட்டாள் ஹெப்சி. “முதல்லேருந்து சொல்லுங்க.”

“பாட்டுக்கு முன்னாடி டியூனரை மிதிச்சேன் மாஸ்டர்.”

“ஐயோ!” ஹெப்சி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

டியூனரும் ஒரு பெடல்தான். மிதித்தால் விளக்குப் போட்டு, கம்பி சுருதியில் இருக்கிறதா இல்லையா என்று காட்டும். காட்டி முடிக்கும்வரை கிடார் சத்தத்தை வெளியே விடாது. மறுபடி மிதித்தால்தான் விடும். அந்த மறுபடி மிதிப்பதை மறந்துபோவது கிடார்காரர்கள் எல்லாருக்கும் நடக்கிறதுதான். ரெண்டு நொடியில் தெரிந்துவிடும். அசடு வழிந்துகொண்டே மிதித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வாசிப்பார்கள். முழுப் பாட்டையும் அப்படியே வாசித்து முடித்தவர் எனக்குத் தெரிந்து தனசிங் ஒருத்தர்தான்.

“சிவப்பு விளக்கு எரியுமே அண்ணே. பார்க்கலையா?”

“என் பெடல் போர்டுல எல்லா விளக்கும்தான் எரியுது.”

அதுவும் நிஜம். தீபாவளிக்குப் போடுகிற சீரியல் செட் மாதிரி இருக்கும் அது.

“காதுல கேக்கலையா?”

“மேடையில என் பக்கத்து ஸ்பீக்கர் என்னிக்கு ஒழுங்கா கேட்டிருக்கு? போதாததுக்கு ஜனங்க வேற. சோலோ ஆரம்பிச்சதுலேருந்து நா நா நான்னு ஒரே கத்தல். நான் வாசிக்கறது எனக்கே எப்படிக் கேக்கும்?”

“சரி, கண்ணு?”

தனசிங் தோளிலிருந்த கிடாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“மூடியிருந்தேன்,” என்றார். குரல் இறங்கிவிட்டது. “சந்தோஷமா இருந்துச்சு மாஸ்டர். நானே போட்ட பாட்டு. முன்னாடி அவ்ளோ ஜனம். முடிஞ்சதும் கைதட்டினாங்க பாருங்க, அப்படி ஒரு கைதட்டல் என் வாழ்க்கையில நான் வாங்கினதில்ல. குனிஞ்சு கும்பிட்டேன். குனிஞ்சப்பதான் பார்க்கறேன், டியூனர் எரியுது.”

இந்தத் தடவை ஹெப்சி சிரிக்கவில்லை.

“அப்பாஸும் வேதாவும் என்ன சொன்னாங்க?”

அப்பாஸ் பாடுவார், பேஸ் கிடாரும் வாசிப்பார். வேதவல்லி டிரம்ஸ். மூன்று பேரும் ஒரே மின்சார ரயிலில் போய்வந்து பழகியவர்கள். அதனால் பேண்டுக்கு ‘மூணாவது பிளாட்பாரம்’ என்று பெயர். இந்த மூன்று பேரைத் தவிர அதில் வேறு யாரும் கிடையாது.

“அப்பாஸ் முதுகுல ஒண்ணு வெச்சு, பின்னிட்டடான்னான். வேதா என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துச் சிரிச்சிது. அவங்களுக்கே தெரியல மாஸ்டர்! கூட நின்னு வாசிக்கறவங்களுக்கே தெரியல. நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.”

பெட்டியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

“இதை நீங்களே வெச்சுக்கோங்க. கத்துக்க வர்றவங்க யாருக்காவது கொடுங்க. சனிக்கிழமை காலேஜ்ல ஷோ இருக்கு. அவங்க ரெண்டு பேரே பார்த்துப்பாங்க. நான் விட்டுடறேன்.”

“எதை?”

“பேண்டை. கிடாரை. எல்லாத்தையும்.”

சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. வெளியே பார்க்கிற மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம் இது. அதைத்தான் பெட்டியோடு கொண்டுவந்து வைத்திருந்தார்.

ஹெப்சி ஸ்பூனை எடுத்து டீக்குள்ளிருந்து பன்னைத் தேடித் தேடி எடுத்துச் சாப்பிட்டாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளுங்க.”

“சத்தமே வராத சோலோவுக்கு எதுக்கு அண்ணே கைதட்டினாங்க?”

“அதைத்தான மாஸ்டர் நானும் கேக்கறேன்!”

“என்னைக் கேட்டா? நான் அங்க இல்லவே இல்லையே.”

“அப்ப யாரைக் கேக்கறது?”

“நீங்க அங்கதான இருந்தீங்க.”

“கண்ணை மூடியிருந்தேன்னு இப்பதான சொன்னேன்!” தனசிங்குக்குக் கோபமே வந்துவிட்டது.

“ம்,” என்றாள் ஹெப்சி.

போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள். “வேதா அக்கா, நான் ஹெப்சி. தனசிங் அண்ணன் இங்கதான் இருக்காரு,” என்றாள்.

அதற்கு வந்த பதில் ஜன்னலோரம் நின்ற தனசிங் காதுவரை கேட்டது. “அங்கயா இருக்காரு? பிடிச்சு வைங்க! விட்டுடாதீங்க!”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரயிலில் கூட்டம் இல்லை. சீக்கிரமே வந்துவிட்டார்கள். அப்பாஸ் கீழே பேக்கரியில் பப்ஸ் வாங்கிக்கொண்டே மேலே வந்தார்.

“டேய் தனா, உயிரோடதான் இருக்கியா? போன் ஆஃப். கவுண்டர்ல போய்க் கேட்டா லீவுன்றாங்க. வீட்டுக்குப் போனா கோயிலுக்குப் போயிருக்கான்றாங்க. நீ என்னிக்குடா கோயிலுக்குப் போன?”

தனசிங் திரும்பவில்லை. “எதுக்கு வந்தீங்க?” என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.

வேதா முன்னால் வந்தாள். “அண்ணா, அன்னிக்கு மேடையில…”

“பேசாதீங்க அக்கா,” என்றாள் ஹெப்சி. “யாரும் ஒண்ணும் பேசக் கூடாது. அந்தப் பாட்டை வாசிங்க. அன்னிக்கு எப்படி வாசிச்சீங்களோ, அப்படியே.”

“அப்படியேவா?”

“அப்படியே.”

வேதா அப்பாஸைப் பார்த்தாள். அப்பாஸ் வேதாவைப் பார்த்தார். ரெண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஹெப்சி பெட்டியைத் திறந்தாள். பெடல்களைத் தரையில் வைத்து, அவர் கிடாரின் ஒயரை அவற்றில் மாட்டி, ஸ்பீக்கரில் இணைத்தாள். அப்புறம் வெறுங்காலால் டியூனரை ஒரு மிதி மிதித்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

“மாஸ்டர்!”

“அன்னிக்கு மாதிரியேன்னுதான சொன்னேன்.”

“ஒரு தடவை அசிங்கப்பட்டது போதாதா?”

“ஒரே ஒரு மாத்தம் அண்ணே. கண்ணை மட்டும் திறந்து வெச்சுக்கோங்க.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் வெளியே போயிருப்பார். சொன்னது மாஸ்டர். கிடாரை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மூலையில் இருந்த டிரம்ஸில் வேதா உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது. அப்பாஸ் பாடினார். தனசிங் வேண்டாவெறுப்பாகக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டியது அவருக்கே கேட்கவில்லை. இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

சோலோ வந்தது. பாடுவது நின்று, கிடார் மட்டும் தனியாக வாசிக்க வேண்டிய இடம்.

அவர் விரல் முதல் கம்பிக்குப் போனது.

“நா…”

பாடியது வேதா. கை டிரம்ஸ் அடித்துக்கொண்டிருக்க, கழுத்தை நீட்டி மைக்கில் வாயை வைத்திருந்தாள்.

“நா… நனா… நா நா நனனா…”

தனசிங்கின் கை நின்றது.

வேதாவின் வாயும் நின்றது. டிரம்ஸ் மட்டும் ஓடியது.

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கண் கொட்டாமல் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒரு கம்பியை மட்டும் தட்டினார்.

“நா,” என்றாள்.

ரெண்டு தட்டினார்.

“நா நா.”

கம்பியை மெல்ல மேலே தள்ளி வளைத்தார். குரலும் மெல்ல மேலே போய் வளைந்தது. அவர் விரலை நடுங்கவிட்டார். குரல் நடுங்கியது.

அட!

அப்பாஸ் தன் மைக்கைக் கழற்றி, எதிரே ஆயிரம் பேர் நிற்கிற மாதிரி நீட்டினார். எதிரே இருந்தது ஹெப்சி ஒருத்திதான். அவளும் சேர்ந்து பாடினாள், “நா நா நனனா!”

தனசிங் வாயைப் பிளந்துகொண்டு வாசித்தார்.

அந்த சோலோவில் ஒரு இடம் இருக்கிறது. மேலே ஏறி, அங்கிருந்து இறங்க வேண்டும். தனசிங் என்றைக்குமே இறங்க மாட்டார். கிடார் கழுத்தில் விரல் ஒரு கட்டம் தள்ளிப் போய்விடும். தப்புதான். பாட்டைப் போட்டதும் அவர், தப்பாக வாசிப்பதும் அவர். டிலே போட்டால் அந்தத் தப்பு நாலு தடவை கேட்கும், அவ்வளவுதான்.

இப்போது அந்த இடம் வந்தது. கண் திறந்திருந்ததால் இருக்கும், இந்தத் தடவை விரல் சரியாக இறங்கிவிட்டது.

வேதா இறங்கவில்லை. ஒரு கட்டம் தள்ளிப் போனாள்.

தனசிங் நிறுத்தினார். “அங்க இறங்கணும் வேதா.”

“என்னிக்குண்ணா நீங்க அங்க இறங்கியிருக்கீங்க?”

“அது… அது நான் பண்ற தப்பு.”

“எங்களுக்குத் தெரியாதா? அன்னிக்கும் அப்படித்தான் பாடினேன். என்னைக் கேட்டு ஜனங்களும் அப்படித்தான் பாடினாங்க. ஷோ முடிஞ்சு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பாடிட்டே போனாங்கண்ணா.”

“தப்போடயா?”

“தப்போடதான்!”

தனசிங் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார்.

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“டிரம்ஸுக்கு முன்னாடி நீங்க. கிடார் வரலைன்னா எனக்குத் தெரியாதா? என் காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கேன்?”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“கூப்பிட்டேன்டா!” என்றார் அப்பாஸ். “தனா, தனான்னு தொண்டை கிழியக் கூப்பிட்டேன். நீ எங்க இந்த உலகத்துல இருந்த? கிட்ட வந்து உன் காலை மிதிக்கலாம்னு பார்த்தேன். வேதா வேணாம், விடுன்னு தலையாட்டிச்சு.”

“ஏன்?”

வேதா குச்சியால் தொடையைத் தட்டிக்கொண்டே சொன்னாள். “எப்பப் பார்த்தாலும் கீழயே குனிஞ்சு பெடலைப் பார்த்துட்டு இருப்பீங்க. அன்னிக்குத்தான் தலையைத் தூக்கி நின்னீங்க. மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலண்ணா. நீங்க வாசிக்கறது எனக்கு மனப்பாடம். பாடிட்டேன்.”

அப்பாஸ் பப்ஸைக் கடித்தார். “ராத்திரியே சொல்லியிருப்போம். ரூல் இருக்கே! மேடையில நடந்த தப்பைப் பத்தி அன்னிக்கு யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அடுத்த பிராக்டிஸ்லதான் பேசணும். யாரு போட்ட ரூலு?”

தனசிங் போட்ட ரூல்தான். ஒரு தடவை மேடையிலிருந்து இறங்கியதும் வேதாவுக்கும் அப்பாஸுக்கும் வாய்ச்சண்டை முற்றி, ரயிலில் ஆளுக்கொரு பெட்டியில் ஏறிப் போனார்கள். அன்றைக்குப் போட்டது.

“அந்தப் பிராக்டிஸுக்குத்தான் துரை, நீ வரவே இல்லையே,” என்றார் அப்பாஸ்.

தனசிங் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார் என்றும் சொல்லலாம். மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வேதா, சோலோ மட்டும். முதல்லேருந்து.”

இந்தத் தடவை அவர் சும்மா இருக்கவில்லை. வேண்டுமென்றே மெதுவாகப் போனார். அவளும் மெதுவாக வந்தாள். திடுக்கென்று நிறுத்தினார். அவள் “நா”வோடு வாயைத் திறந்தபடி நின்றாள். அப்புறம் மேல் கம்பியில் மடமடவென்று ஓடவிட்டார் பாருங்கள்.

“நானனனானனனா… அண்ணா! நனனா… மூச்சு விட விடுங்கண்ணா!”

“விடாத வேதா, பிடி!” என்றார் அப்பாஸ். அவர் வாயிலிருந்த பப்ஸ் பாதி தரையில் சிதறியது.

ஹெப்சி சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தனசிங் குதித்தார். நாற்பத்தைந்து தாண்டிய மனுஷன், மாடி அதிரக் குதித்தார். கீழே பேக்கரியிலிருந்து யாரோ, “மேல என்னப்பா கல்யாணமா?” என்று கத்தினார்கள்.

ஏறும் இடம் வந்தது. தனசிங் வேதாவைப் பார்த்தார். வேதா தனசிங்கைப் பார்த்தாள். ரெண்டு பேரும் இறங்கவில்லை. சேர்ந்து ஒரு கட்டம் தள்ளிப் போனார்கள்.

அறை முழுக்கச் சத்தமான சத்தம். அதில் கிடார் சத்தம் மட்டும்தான் இல்லை.

முடித்தபோது எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. வேதா தண்ணீர் பாட்டிலை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

ஹெப்சி பெடல்கள் பக்கம் வந்தாள். டியூனர்மேல் காலைக் கொண்டுபோனாள்.

“சத்தம் விடட்டுமா அண்ணே?”

தனசிங் பாய்ந்து வந்து குறுக்கே காலை வைத்தார்.

“இருங்க மாஸ்டர். இன்னொரு தடவை இப்படியே.”